அசல் மாத்திரை யாருக்கு

எனக்கு மாரடைப்பு வந்தபோது நான் ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் பழுதுபார்ப்பவனுக்கு அதுதான் நாற்காலி, அதுதான் மேஜை. நெஞ்சுக்கு நடுவே யாரோ ஸ்பேனரை வைத்து முடுக்குவது போல ஒரு வலி. கையிலிருந்த வேலையை நிறுத்தினேன். லிஃப்டும் நின்றுவிட்டது, மரியாதை தெரிந்த லிஃப்ட். இன்னொரு மெக்கானிக் வந்து எங்கள் இருவரையும் மீட்டான். முதலில் லிஃப்டைத்தான் கவனித்தான். சம்பளம் அதற்குத்தானே. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததில் லிஃப்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். டாக்டர்களுக்கு லிஃப்டைப் பற்றி என்ன தெரியும்?

அன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளை மாத்திரை. பீட்டா பிளாக்கர் என்று பெயர். பயமோ கோபமோ வந்தால் உடம்பில் அட்ரினலின் என்று ஒன்று கிளம்பிப் போய் இதயத்தின் கதவைத் தட்டுமாம். தட்டினால் இதயம் எழுந்து ஓடும். இந்த மாத்திரை அந்தக் கதவில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டு, "ஐயா தூங்குறாரு, அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடும். என் இதயத்துக்கு அது ரொம்பவும் பிடித்துப்போனது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு கொசு என் மார்பில் உட்கார்ந்து, கடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய்ச் சேர்ந்துவிடும்.

இதே மாத்திரையைச் சாப்பிடும் இன்னொருவனும் எங்கள் வீட்டிலேயே இருந்தான். என் மனைவியின் தம்பி. மாடி அறையில் தனியாகக் குடியிருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற அவனுக்கு ஒன்று. ஒரு பெண்மணிக்குப் பின்பக்கமாக நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு மாரடைப்பு வந்தது. அதுவரை நேராகவே நிறுத்தத் தெரியாதவர், பயத்தில் அப்படியே பின்னோக்கி ஓட்டி, ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிற கட்டத்துக்குள் கோடு தாண்டாமல் நிறுத்தினாராம். இது அவன் சொன்னது. என் கதைகளையாவது பாதி நம்பலாம்.

எங்கள் இருவரையும் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்ட டாக்டரம்மாவின் அறை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு நேர் மேலே இருந்தது. தரை எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். சுவரெல்லாம் நீராவி வாசனை. முகத்தில் தூக்கமே இல்லாத, ஆனால் பேச்சில் மட்டும் அவசரமே இல்லாத அம்மா அவர்.

"உங்க ரெண்டு பேருக்குமே இதயம் ரத்தத்த தள்ற சக்தி இப்ப நல்லா இருக்கு. இப்படி இருக்கறவங்க ஆயுசு முழுக்க இந்த மாத்திரைய சாப்பிடணுமா, நிறுத்தினாலும் ஒண்ணும் ஆகாதா? அதைத்தான் பாக்கறோம்" என்றார். "பாதிப் பேருக்கு அசல் மாத்திரை தொடரும். மீதிப் பேருக்கு மருந்தோட அளவ படிப்படியா குறைச்சு, கடைசியில மருந்தே இல்லாத மாத்திரை. பாக்க, ருசிக்க, எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கும்."

"யாருக்கு அசல், யாருக்கு வெத்துன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டேன்.

"தெரியாது. தெரிஞ்சா என் மூஞ்சியப் பாத்தே நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. புட்டியில எண் மட்டும்தான் இருக்கும்."

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். எழுந்தும்விட்டேன். மச்சான் காலை நீட்டிக்கொண்டு டாக்டரிடம், "மாமாவ விட்டுடுங்க டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே தொடைநடுங்கி. என்னச் சேத்துக்குங்க" என்றான். நான் மறுபடி உட்கார்ந்து, பேனாவை வாங்கி, அவனுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டேன். உலகத்தில் பாதி வீரம் இப்படித்தான் நடக்கிறது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. "இந்த மருந்த திடீர்னு நிறுத்தவே கூடாது. இவ்வளவு நாளா அடங்கிக் கிடந்த இதயம் மொத்தமா எகிறும். அதனாலதான் படிப்படியா குறைக்கிறோம். நீங்களா எதையும் மாத்தாதீங்க. ஒருத்தர் புட்டிய இன்னொருத்தர் தொடக்கூடாது."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. அவள் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேண்டீனில் பரிமாறுகிறவளாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் கரண்டியில் வாங்கிய மேனேஜர் தட்டையும் கூட்டுகிறவர் தட்டையும் தராசில் வைத்தால் முள் அசையாது என்பார்கள். ஒருமுறை முதலாளியே வந்து இன்னொரு கரண்டி கேட்டதற்கு, "அப்ப எல்லாருக்கும் இன்னொன்னு போடணும் சார்" என்று சொல்லி அனுப்பியவள்.

"ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு மாவு. அப்படித்தானே?" என்றாள்.

"அப்படி இல்ல. ரெண்டு பேருக்கும் மருந்தா இருக்கலாம். ரெண்டு பேருக்கும் மாவாவும் இருக்கலாம்."

"ரெண்டு புட்டி. ஒண்ணுல மருந்து, ஒண்ணுல மாவு" என்று முடித்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். அதற்குமேல் அவளிடம் கணக்குப் பேசக்கூடாது.

முதல் இரண்டு புட்டிகள் முடியும்வரை பெரிய பயம் இல்லை. மூன்றாவது புட்டியைக் கொடுக்கும்போது டாக்டரம்மா, "குறைக்க வேண்டியவங்களுக்கு இதோட குறைச்சு முடிச்சாச்சு. இனிமே இதேதான்" என்றார். படி இறங்கும்போதே புட்டியைக் குலுக்கிப் பார்த்தேன். இனிமேல் என் இதயத்தின் வாசலில் காவல்காரன் நிற்கிறானா, காவல்காரனின் சட்டையை மாட்டிய வெறும் குச்சி நிற்கிறதா? எனக்குத் தெரியாது. இதயத்துக்கு மட்டும் தெரியும். அது வாயைத் திறக்காது.

அன்றிலிருந்து பிடித்தது பயம். நாற்காலியிலிருந்து எழுந்தால் நெஞ்சில் ஒரு தட்டு அதிகமாக விழுந்த மாதிரி இருக்கும். குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். தெருக்கோடியில் யாரோ கார்க்கதவைச் சாத்தினால் என் கை தானாகக் கழுத்து நரம்புக்குப் போய்விடும். கடையில் ரொட்டி வாங்கும்போது ஒரு கையில் ரொட்டி, ஒரு கை கழுத்தில். கடைக்காரர், "சார், கழுத்துச் சுளுக்கா?" என்று கேட்டு ஒரு தைலத்தையும் விற்றார்.

மச்சானுக்கும் அதே கதிதான் என்பது ஒருநாள் தெரிந்தது. மாடிப்படியில் எதிரெதிரே வந்தோம். அவன் கையும் கழுத்தில் இருந்தது. இருவரும் கையை இறக்கினோம்.

"என்ன மச்சான், சுளுக்கா?"

"ஆமா மாமா. உங்களுக்கு?"

"எனக்குந்தான்."

படியிலேயே உட்கார்ந்துகொண்டோம். அவன்தான் குரலை இறக்கி அந்த யோசனையைச் சொன்னான்.

"மாமா, இத கண்டுபிடிச்சிடலாம். அசல் சாப்பிடறவன் எவ்வளவு பயந்தாலும் அவன் இதயம் ஓடாது. வெத்து சாப்பிடறவன் பயந்தா ஓடும். அவ்வளவுதான். பயமுறுத்திப் பாத்தா தெரிஞ்சிடும்."

"யாரு பயமுறுத்தறது?"

"நான் உங்கள. நீங்க என்ன. சொல்லாம கொள்ளாம. சொல்லிட்டுப் பண்ணா பயம் வராதே."

விரலில் மாட்டினால் நாடித்துடிப்பைக் காட்டுகிற ஒரு கிளிப்பை வாங்கினான். பயமுறுத்தியவர் உடனே அதைப் பயந்தவரின் விரலில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்பிறகு நாங்கள் வாழ்ந்தது வாழ்க்கையே இல்லை. குளியலறைக் கதவைத் திறக்கும் முன் காலால் தள்ளிப் பார்ப்பேன். அலமாரியைத் திறந்தால் ஒதுங்கி நின்று திறப்பேன். அவன் சாதாரணமாக "மாமா, காபி ஆறுது" என்று சொன்னால்கூட, காபிக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்பூனால் துழாவுவேன். பயமுறுத்துவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் பாதி செத்துவிட்டோம்.

முதல் வேலை என்னுடையதாக இருந்தது. அவன் மாடியில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று, அக்கறையாகச் சொன்னேன்:

"மச்சான், அந்த நீரூற்றுக்குள்ள கார விட்டாங்களே ஒரு அம்மா, அவங்க வந்திருக்காங்க. லைசென்ஸ் வாங்கிட்டாங்களாம். குரு காணிக்கையா உன்ன ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும்னு கீழ கார்ல உக்காந்திருக்காங்க. இன்ஜின ஆஃப் பண்ணத் தெரியலையாம், சீக்கிரம் வரச் சொன்னாங்க."

கதவு திறந்தது. பாதி முகத்தில் நுரை. மீதிப் பாதியும் அதே நிறம். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கிளிப்பை மாட்டினேன். அறுபத்திரண்டு. இன்னொரு தடவை பார்த்தோம். அறுபத்திரண்டேதான்.

"அசல்" என்றான் அவன். நுரையோடு என்னைக் கட்டிக்கொண்டான். "மாமா, எனக்கு அசல்."

நானும் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இரண்டு புட்டி. ஒன்றில் மருந்து, ஒன்றில் மாவு. அதுவரை நான் கேலி செய்த அவளுடைய கணக்கு எனக்கே சரியாகத் தோன்ற ஆரம்பித்தது.

அவன் முறை வந்தது. கிடங்குத் தெருவுக்கு ஒரு சாமான் எடுக்கப் போகலாம் என்று பயிற்சிக் காரில் ஏற்றிக்கொண்டான். கிடங்குத் தெரு செங்குத்தாக இறங்கி ஒரு செங்கல் சுவரில் போய் முடியும். பாதி இறக்கத்தில் அவன் வானொலியை அணைத்துவிட்டு, மெதுவான குரலில், "மாமா, பிரேக் பிடிக்கல" என்றான்.

நான் என் பக்கத்துப் பிரேக்கைத் தேடினேன். இடது காலால் தேடினேன், வலது காலால் தேடினேன், கையாலும் தேடினேன். செங்கல் சுவரில் ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாகத் தெரிந்தது. சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு ஒன்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு வழியாகப் போனதையும் பார்த்தேன். கார் சுவருக்கு ஒரு சாண் முன்னால், பூவை வைப்பது போல நின்றது. அவன் கிளிப்பை எடுத்து என் விரலில் மாட்டினான்.

நூற்றுப் பதினெட்டு.

அவன் சிரிக்கவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் காதுக்குள்ளேயே இதயம் அடித்தது. எத்தனையோ காலமாகத் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தான். அவனைத் தடுக்க வாசலில் யாரும் இல்லை.

"மாமா" என்றான். "என் புட்டிய நீங்க எடுத்துக்குங்க. உங்களோடத நான் சாப்பிடறேன். டாக்டருக்குத் தெரியவா போகுது."

"போடா. உங்க அக்கா என்ன உரிச்சிடுவா" என்றேன்.

வேண்டாம் என்று சொன்னது வாய் மட்டும்தான். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம், இன்னொரு தடவை கேட்க மாட்டானா என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய், எனக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாம், என் பழைய மாத்திரையைக் கொடுங்கள் என்று சொன்னால் முடிந்துவிடும். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பாரே. ஒரு மாரடைப்புக்காரன் இன்னொரு மாரடைப்புக்காரனை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று பயத்தையே சாப்பிட்டு, பயத்தின்மேலேயே படுத்திருந்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவளும் என்னிடம் எதையோ சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போது கவனித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் மூன்று பேரும் இருந்தோம். வாராவாரம் எங்கள் மாத்திரைகளை, நாளுக்கு ஒரு கட்டம் வைத்த இரண்டு டப்பாக்களில் போட்டுவைப்பது அவள் வேலை. அதை முடித்துவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். நானும் மச்சானும் அந்த வாரத்தின் முதல் மாத்திரையை விழுங்கி ஒரு மணிநேரம்கூட ஆகியிருக்காது. அப்போது சுவரில் மாட்டியிருந்த பாத்திர அலமாரி, அத்தனை தட்டோடும் அத்தனை கிண்ணத்தோடும், எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது.

அதை மாட்டியவன் நான். ஆயிரக்கணக்கான பேரைத் தொங்கவிட்டு ஒருவரையும் கீழே போடாத கை. சுவருக்குத்தான் ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு மூடி மட்டும் சுற்றிச் சுற்றி, நிற்க மனமில்லாமல் நின்றது. ஒருவர்மேலும் படவில்லை. செத்தேன், இதோ இதயம் எகிறப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எகிறவில்லை. பழக்கத்தில் கிளிப்பை எடுத்து மாட்டினேன். ஐம்பத்தெட்டு. பயத்தில் உறைந்து நிற்கிறேன், எண் மட்டும் பகல் தூக்கம் போடுகிறவன் எண்.

"மச்சான், இது ஓடல" என்று அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். உடைந்த பீங்கான்மேலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு கை நெஞ்சில். கிளிப்பை அவன் விரலில் மாட்டினேன். நூற்று முப்பத்தாறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்று நாற்பத்தொன்று.

"மாமா, எனக்குத்தானே அசல்" என்றான். குழந்தை கேட்பது போலக் கேட்டான். "அடைக்குது மாமா."

எண்ணைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பயம் கூடியது. பயம் கூடக் கூட எண் ஏறியது. லிஃப்ட் அளவுக்குமேல் வேகமாக இறங்கினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து நிறுத்துகிற ஒரு கருவி உண்டு. என் தொழிலில் அதைத்தான் கும்பிடுவேன். அவனுக்குள் அந்தக் கருவி இல்லாமல் லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கிளிப்பைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டேன்.

"மிஷின் கெட்டுப்போச்சுடா. எனக்கும் அதேதான் காட்டுது" என்றேன்.

என் ஆயுளில் எத்தனையோ கதைகளை விட்டிருக்கிறேன். குரல் தடுமாறிய ஒரே கதை அது.

என் மனைவி பீங்கான்களை மிதித்துக்கொண்டு வந்து அவன் தலையைப் பிடித்தாள். அவள் முகம் பேயறைந்தது போல இருந்தது.

"டேய். நீ காலையில சாப்பிட்டது உன்னோடதா இவரோடதான்னு எனக்கே தெரியாதுடா" என்றாள்.

"என்னக்கா சொல்ற?"

"ரெண்டு புட்டியையும் ஒண்ணா கொட்டிக் கலந்துட்டேன். மூணாவது புட்டி வந்த அன்னிக்கே. ஒருத்தர் மருந்து திங்கறதும் ஒருத்தர் மாவு திங்கறதும் எனக்கு ஒத்துக்கல. புருஷனுக்கா தம்பிக்கான்னு என்னால பாக்க முடியல. ஆளுக்குப் பாதி போனா ரெண்டு பேரும் பொழச்சுக்குவீங்கன்னு நினைச்சேன்."

திடீரென்று நிறுத்தவே கூடாது என்ற மருந்தை நாங்கள் ஒரு வேளை நிறுத்தி, ஒரு வேளை தின்று, மறுபடி நிறுத்தி, வாரக்கணக்கில் விளையாடியிருக்கிறோம். அந்த நிலையில் ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொண்டும் இருந்திருக்கிறோம். எனக்கு அப்போதுதான் ஈரக்குலை நடுங்கியது. அப்போதும் என் இதயம் நிதானமாகத்தான் அடித்தது. அன்றைக்குக் கரண்டியில் எனக்கு அசல் விழுந்திருந்தது போல.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எங்கேயோ ஏதோ மறியல், தாமதமாகும் என்றார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவள் பயிற்சிக் காரின் சாவியை எடுத்தாள். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க முயன்று, அவன் தொழிலில் முதல்முறையாகத் தோற்றதெல்லாம் முன்பு நடந்த கதை. அவனைப் பக்கத்து இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன், ஒரு காலைத் தூக்கித் தன் பக்கத்துப் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டான்.

"கால எடுடா. நான் பாத்துக்கறேன்."

"நீ கண்ணாடியப் பாருக்கா. முதல்ல கண்ணாடியப் பாரு."

"மூச்சு விடச் சொன்னா பாடம் எடுக்கற."

"கியர். கியர மாத்து. அக்கா, அது வைப்பர்."

வழியில் சிக்னல்கள் எங்களைப் பார்த்துச் சிவப்பிலிருந்து தாமாகவே பச்சைக்கு மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை. அவளும் அதைப் பார்க்கவில்லை. பின்னிருக்கையில் நான் அவன் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தேன். பேச்சை நிறுத்தினால் அவன் நின்றுவிடுவான் என்று இருந்தது.

மாரடைப்பு இல்லை. ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, இன்னொரு முறையும் எடுத்துப் பார்த்து, சாயங்காலம்தான் அதைச் சொன்னார்கள். மருந்துப் பிடி விட்டுப்போன நேரத்தில் பயம் வந்து இதயம் தறிகெட்டு ஓடியிருக்கிறது. ஓடவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

சலவைக்கூடத்துக்கு மேலே அந்த அறையில் என் மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள். எழுந்து நின்று சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்திலும் பயத்தைப் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இதயத்த ஊஞ்சல்ல வச்சு ஆட்டியிருக்கீங்கம்மா" என்றார். "இவங்க ரெண்டு பேர் கணக்கும் ஆராய்ச்சிக்கு இனி உதவாது. அது போகட்டும். ரெண்டு பேர் உயிரும் போயிருக்கும்."

என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

"எது யாருக்கு வந்ததுன்னு இப்பவாவது சொல்லுங்களேன் டாக்டர்" என்றேன்.

"எல்லாத்தையும் கலந்த பிறகு அத தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? ரெண்டு பேருக்கும் இப்போதைக்கு அசலே குடுக்கறேன். கடையில வாங்கற மாத்திரை, பேரு போட்ட அட்டை. ஒரு மாசம் இதயம் அமைதியா இருக்கட்டும். அப்புறம் வாங்க. தொடரணுமா, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"நாங்களா?"

"ரெண்டுமே செய்யலாம். உங்க இதயத்துக்கு எது நல்லதுன்னு நிச்சயமா எனக்குத் தெரியாது. தெரியாததாலதான ஆராய்ச்சி பண்றேன்."

அலமாரி விழுந்த சத்தம் அதோடு ஒப்பிட்டால் தாலாட்டு. அதுவரை யாரோ ஒருவருக்கு விடை தெரியும், எங்கேயோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். பூட்டே இல்லை, பெட்டியே இல்லை என்றார் அந்த அம்மா.

ஒரு மாதம் கழித்துப் போனோம். நான் தொடர்வதாகச் சொன்னேன். காரணம் கேட்டார். பயம் என்றேன். அவர் அதைக் காரணமாக ஏற்றுக்கொண்டு எழுதிக்கொண்டார். மச்சான் நிறுத்துவதாகச் சொன்னான். "கையெல்லாம் ஐஸா இருக்கு டாக்டர். ஸ்டியரிங்கப் பிடிச்சா செத்தவன் கை மாதிரி இருக்கு. படி ஏறினா அலுப்பு. என்னதான் ஆகுதுன்னு பாத்துடறேன்" என்றான்.

"ஒரே மாதிரி முடிவு பண்ணுங்களேன். ரெண்டு பேரும் சாப்பிடுங்க. இல்ல ரெண்டு பேரும் விட்டுடுங்க" என்றாள் என் மனைவி. அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

படிப்படியாகக் குறைத்து அவன் மாத்திரை நின்றுபோனது. இப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு மாவுகூட இல்லை. தன்னால் தாங்க முடியாது என்று எதை நடக்கவிடாமல் அவள் தடுத்தாளோ, அதுவே அட்டையில் பெயர் போட்டு, எல்லோருக்கும் தெரிந்து, நடக்கிறது.

நேற்றுக் காலை அவன் இறங்கிவர நேரமாயிற்று. காபி ஆறிப்போனது. மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் இல்லை, தண்ணீர்ச் சத்தம் இல்லை. அவள் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்க்க அவளுக்குக் கால் வரவில்லை. நான் இருந்த நாற்காலியிலேயே இருந்தேன். கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். டொக். அப்புறம் வெகுநேரம் கழித்து இன்னொரு டொக்.

"உங்களால எப்படிங்க இப்படி கல்லு மாதிரி உக்காந்திருக்க முடியுது?" என்றாள். "உங்க கூடப்பொறந்தவனா இருந்தா இப்படி இருப்பீங்களா?"

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இதயம்தான் கூட வரமாட்டேன் என்கிறது என்று எப்படிச் சொல்வது? எழுந்து படி ஏறினேன். அந்த மாத்திரையைத் தின்றவன் படி ஏறுவது, சங்கிலி கட்டிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவது போல. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். கதவைத் தட்டினேன். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினேன்.

கதவு திறந்தது. பனியனோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. படிக்கட்டு லைட் எரியுதான்னு பாக்க வந்தேன்."

ஜன்னல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எரியுதா?"

"எரியல. பகல்ல எரியாதுல்ல."

"அதுவும் சரிதான்" என்றான். அப்போதுதான் பார்த்தேன், அவன் வலது கை இன்னும் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. தூங்கவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாது என்றுதான் உடனே கதவைத் திறக்கவில்லை.

"எத்தன?" என்றேன்.

"நீங்க தட்டினதுல மறந்துபோச்சு. மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும்."

கீழே இருந்து குரல் வந்தது.

"என்னங்க, இருக்கானா?"

"இருக்கான்" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் குரல் பாதியில் நின்றுவிட்டது.

பிறகு அவள் இன்னும் மெல்லிய குரலில், என்னைக் கேட்காமல் அவனைக் கேட்டாள்.

"டேய், அவரு?"